லாரியில் ஏறிய வள்ளங்கள்: 2018 கேரள வெள்ளமும் மீனவர்களுக்குக் கிடைத்த மரியாதையும்

2018 ஆகஸ்ட் 15 இரவு. கொல்லத்துக் கடற்கரையில் யாரும் அதுவரை பார்த்திராத ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது. கடலில் கிடக்க வேண்டிய மீன்பிடி வள்ளங்களை ஆட்கள் தோள் கொடுத்துத் தூக்கி லாரியில் ஏற்றினார்கள். இன்ஜினைத் தனியே கழற்றி வைத்தார்கள், கயிறுகளைச் சுருட்டி உள்ளே போட்டார்கள். லாரிகள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலைப்பக்கம் கிளம்பின. போன இடம் பத்தனம்திட்டை. அங்கே பம்பை ஆறு அன்று காலையிலேயே ராந்நி ஊருக்குள் வந்துவிட்டது.

அடுத்த சில நாளில் நடந்தது எல்லாருக்கும் தெரிந்த கதை. மீனவர்கள் வந்தார்கள், ஆயிரக்கணக்கானோரை மீட்டார்கள், நாடே கைதட்டியது. அரசு விழா எடுத்தது, முதலமைச்சர் அவர்களைக் கேரளத்தின் சொந்தப் படை என்றார். மீட்பின் வீரத்தைப் பற்றி நிறையவே எழுதியாயிற்று. அந்தக் கைதட்டலைப் பற்றி அவ்வளவு எழுதவில்லை. ஒரு சமூகம் தன்னைக் காப்பாற்ற ஓடி வந்தவர்களுக்கு எப்படியெல்லாம் நன்றி சொல்லப் பார்த்தது, அதில் எது ஒட்டியது, எது ஒட்டாமல் உதிர்ந்தது என்பதுதான் இங்கே பார்க்கப்போவது.

தண்ணீர் வந்த விதம்

அந்த ஆண்டு ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 19 வரை கேரளத்தில் வழக்கமாகப் பெய்ய வேண்டிய மழை சுமார் 1650 மில்லிமீட்டர். பெய்ததோ 2346. மத்திய நீர் ஆணையத்தின் கணக்குப்படி 42 சதவீதம் அதிகம். ஆகஸ்ட் தொடக்கத்திலேயே அணைகள் நிறைந்து ததும்பின. 9-ஆம் தேதி இடுக்கி அணையின் செறுதோணி மதகு 26 ஆண்டுக்குப் பிறகு திறக்கப்பட்டது. அப்புறம் 15 முதல் 17 வரை மூன்று நாள் விடாமல் கொட்டிய மழையில் மாநிலத்தின் பெரும்பாலான அணைகளைத் திறந்துவிட வேண்டியதாயிற்று. பம்பை, பெரியாறு, சாலக்குடி ஆறு மூன்றும் கரையைத் தாண்டி ஊருக்குள் வந்தன. கொச்சி விமான நிலையமே மூழ்கி இரண்டு வாரம் மூடிக் கிடந்தது. 480-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். முகாம்களுக்குப் போனவர்கள் 14 லட்சத்துக்கும் மேல்.

தேசியப் பேரிடர் மீட்புப் படை அதுவரை எந்த ஒரு மாநிலத்துக்கும் அனுப்பாத அளவுக்கு ஆட்களை அனுப்பியது. மொத்தம் 58 அணிகள். கடற்படை, விமானப்படை, ராணுவம் எல்லாமே இறங்கின. ஆனாலும் 17-ஆம் தேதி செங்ஙன்னூர் சட்டமன்ற உறுப்பினர் சஜி செறியான் தொலைக்காட்சி நேரலையில், ஹெலிகாப்டர் அனுப்புங்கள், இல்லாவிட்டால் என் ஊர் மக்கள் செத்துப்போவார்கள் என்று அழுதார். ஆளுங்கட்சிக்காரர் இப்படி அழுதது அந்த நேரத்து நிலைமையைக் காட்டியது. பெரிய படை வந்து சேர நேரம் பிடிக்கும். வந்தாலும் எந்தத் தெருவில் எந்த மாடியில் ஆள் நிற்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. தண்ணீரோ இதற்கெல்லாம் காத்திருக்காது.

அந்த இடைவெளிக்குள் நுழைந்தவைதான் வள்ளங்கள்.

ஏன் இவர்களால் முடிந்தது

"கடலோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு ஆற்று வெள்ளம் எம்மாத்திரம்" என்று அப்போது பலரும் எழுதினார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பாதிதான் உண்மை. கடலில் அலை இருக்கும், நீவாடு என்கிற நீரோட்டம் இருக்கும், ஆனால் மதில்சுவர் இருக்காது. மூழ்கிய ஊரில் எங்கே பார்த்தாலும் மதில்தான். கேட்டின் கூர்முனை, நின்றபடியே மூழ்கிய கார், தலைக்கு நேரே தொங்கும் மின்கம்பி, தண்ணீருக்கடியில் கம்பிவேலி என்று எல்லாமே புது ஆபத்து. தெரு திரும்பும் இடத்தில் ஆற்றின் வேகம் பக்கவாட்டில் வந்து அடிக்கும். காற்றடைத்த ரப்பர் படகு இந்தச் சூழலில் கிழிந்துபோகும், இழுவையில் திசைமாறும். நாரிழைப் (ஃபைபர்) பூச்சுப் போட்ட வள்ளம் உரசினாலும் தாங்கும். நல்ல இன்ஜின் பொருத்தினால் எதிர் ஓட்டத்திலும் ஏறும்.

இன்ஜினைவிட முக்கியம், ஒரே வள்ளத்தில் ஆண்டுக்கணக்காகச் சேர்ந்து தொழிலுக்குப் போன நாலைந்து பேர். பின்பக்கம் அமரத்தில் இருப்பவன் என்ன நினைக்கிறான் என்பது முன்பக்கம் அணியத்தில் நிற்பவனுக்குச் சொல்லாமலே தெரியும். எப்போது இன்ஜின் விசிறியைத் தூக்கிவிட்டுத் தண்டைக் கொண்டு தள்ள வேண்டும், எப்போது கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு குதிக்க வேண்டும் என்பதெல்லாம் பயிற்சி முகாமில் கற்றுக்கொண்டு வருகிற விஷயமில்லை.

அவர்களுக்கு ஊர் தெரியாது. அங்கேதான் உள்ளூர்ப் பையன்கள் வந்தார்கள். ஒவ்வொரு வள்ளத்திலும் ஒருவர் ஏறி, இது கோயில் தெரு, அந்தத் தென்னைக்குப் பின்னால் ஒரு வீட்டில் படுக்கையாய்க் கிடக்கிற பாட்டி இருக்கிறார் என்று வழிகாட்டினார்கள். வெளிநாட்டில் இருந்த பிள்ளைகள் வாட்ஸ்ஆப்பில் வீட்டின் இருப்பிடத்தை அனுப்ப, தன்னார்வலர்கள் அதைப் பட்டியலிட்டு இணையத்தில் ஏற்ற, அது யார் யார் கைபேசி வழியாகவோ வள்ளத்துக்கு வந்து சேர்ந்தது. இந்தச் சங்கிலியில் எந்த விழா மேடையிலும் ஏறாத கண்ணிகள்தான் அதிகம்.

விழிஞ்ஞம், பூந்துறை பக்கத்திலிருந்து செங்ஙன்னூர் நூறு கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்தும் வந்தார்கள். பல ஊர்களில் அழைப்பு விடுத்தது தேவாலயத்து ஒலிபெருக்கி. மலப்புறத்தில் தானூர், பொன்னானிப் பக்கத்து முஸ்லிம் மீனவர்கள், ஆலப்புழை, முனம்பம், செல்லானம் என்று கரை முழுக்கக் கிளம்பியது. கேரளக் கடற்கரை 590 கிலோமீட்டர், அதில் 222 மீனவக் கிராமங்கள். அரசு பின்னால் சொன்ன கணக்கு: 669 வள்ளங்கள், 4537 மீனவர்கள், மீட்கப்பட்டோர் குறைந்தது 65,000.

இந்த எண்களை நான் கொஞ்சம் தயங்கித்தான் எழுதுகிறேன். எண் தப்பு என்பதற்காகச் சொல்லவில்லை. ராத்திரியில் யாரிடமும் பெயர் பதியாமல் சொந்தமாக லாரி பிடித்துப் போனவனை எந்தப் பட்டியல் பிடிக்கும்? கௌரவிப்பில் முதல் ஓட்டை விழுவது பட்டியலில்தான். விழாவுக்கு அழைக்கப் பட்டியல் வேண்டும், ஈட்டுத்தொகைக்கும் பட்டியல் வேண்டும். அதில் பெயர் சேர்ப்பதற்கு முன்வரிசையில் நிற்பவர்கள், தூங்காமல் வேலை செய்துவிட்டு வந்து வீட்டில் அசந்து படுத்தவர்களாக இருக்கமாட்டார்கள்.

மூவாயிரம் ரூபாய்

வெள்ளம் வடியும் முன்பே அரசு அறிவித்தது: மீட்பில் இறங்கிய ஒவ்வொரு வள்ளத்துக்கும் ஒரு நாளைக்கு 3000 ரூபாய், எரிபொருளும் தரப்படும், சேதமான வள்ளத்தைச் சரிசெய்ய உதவி.

இதில் தவறு ஒன்றுமில்லை. ஒரு நாள் தொழிலுக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாத வீடுகள் அவை. ஆனால் கொச்சிப் பக்கத்து இளைஞர் ஒருவர் காணொளியில் வந்து, கூடப்பிறந்தவர்களைக் காப்பாற்றியதற்கு எங்களுக்குப் பணம் வேண்டாம், உடைந்த வள்ளத்தைச் சரிசெய்து கொடுத்தால் போதும் என்ற பொருளில் முதலமைச்சரைப் பார்த்துப் பேசினார். அது நாடு முழுக்கப் பரவியது. பார்த்தவர்கள் எல்லாரும் அவருடைய தன்மானத்தை மெச்சினார்கள்.

எனக்கு அந்தப் பேச்சில் முக்கியமாகப் பட்டது இரண்டாவது பாதி. அவர் கேட்டது கூலியை இல்லை, கருவியை. உழவனுக்கு மாடு எப்படியோ அப்படித்தான் மீனவனுக்கு வள்ளம். பெரும்பாலும் கடனில் வாங்கியது. மதிலில் உரசி, தார்ச்சாலையில் அடிவயிறு தேய்ந்து, கேட்டில் மோதி நானூறுக்கும் அதிகமான வள்ளங்கள் சேதமடைந்தன. சில மொத்தமாகவே போயின. கடலுக்கென்று கட்டிய உடம்பைத் தரையில் ஓட்டினால் அப்படித்தான் ஆகும். அதைத் தெரிந்தேதான் ஓட்டினார்கள். சேவைக்குப் பணம் கொடுப்பதும் சேவை செய்ததால் வந்த நட்டத்தை ஈடுகட்டுவதும் ஒன்றில்லை. முதலாவதை மறுத்தார்கள், இரண்டாவதை உரிமையோடு கேட்டார்கள். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளாமல் "பணமே வேண்டாம் என்ற பெருமனம்" என்று புகழ்ந்துவிட்டுப் போனால், புகழ்ந்தவருக்குத்தான் செலவு மிச்சம்.

மேடையும் முதுகும்

ஆகஸ்ட் கடைசியில் திருவனந்தபுரம் நிசாகந்தி அரங்கில் அரசு விழா. முதலமைச்சர் பினராயி விஜயன், மீன்வளத்துறை அமைச்சர் மெர்சிக்குட்டி அம்மா எல்லாரும் இருந்தார்கள். பல கரைகளிலிருந்து மீனவர்களைக் கூட்டிவந்து பாராட்டினார்கள். அதற்கு முன்பே, வேலை முடிந்து லாரியில் திரும்பிய வள்ளங்களை ஊர் ஊராக மக்கள் வழிமறித்துக் கைகொடுத்து, சாப்பாடு கொடுத்து அனுப்பினார்கள். இரண்டில் எது பெரிய மரியாதை என்று கேட்டால் நான் சாலையோரத்தைத்தான் சொல்வேன்.

ஊடகங்களுக்கு ஆயிரம் முகம் போதாது, ஒரு முகம் வேண்டும். மலப்புறத்தில் ஒரு மீனவர் தண்ணீரில் குப்புறக் குனிந்து தன் முதுகைப் படியாக்க, பெண்கள் அதில் கால்வைத்து ரப்பர் படகில் ஏறிய காணொளி அந்த முகத்தைக் கொடுத்தது. அவருக்கு மகிந்திரா கார் ஒன்று பரிசாக வந்தது. நல்ல காட்சி, நல்ல மனிதச் செயல், மறுக்கவில்லை. ஆனால் ஒருவருக்குக் கார், மற்ற நாலாயிரத்துச் சொச்சம் பேருக்குப் பாராட்டுத் தாள் என்று ஆகும்போது ஒரே வள்ளத்தில் போனவர்களுக்குள்ளேயே ஒரு சங்கடம் வரும். கடலில் மீன்பாடு கிடைத்தால் பங்கு பிரிப்பதற்கு எழுதப்படாத கணக்கு உண்டு: வள்ளத்துக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று. புகழுக்கு அப்படி ஒரு பங்குக் கணக்கை யாரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

ஆலுவாப் பக்கம் ஒரு வீட்டு மாடியில் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் நன்றி என்று வண்ணமடித்து வைத்திருந்தார்கள். அங்கிருந்து பெண்களைத் தூக்கிப்போன கடற்படை ஹெலிகாப்டருக்கான செய்தி அது. மேலே இருந்து எடுத்த அந்தப் படமும் உலகம் சுற்றியது. வள்ளத்தில் வந்தவனுக்கு மாடியில் எழுதி என்ன செய்ய, அவன் கீழே இருந்தல்லவா வந்தான்! அவனுக்கான நன்றியைப் பலர் கைபேசி எண்ணாக வாங்கி வைத்துக்கொண்டார்கள். எங்கள் ஊருக்கு வந்தால் கட்டாயம் வீட்டுக்கு வர வேண்டும் சேட்டா என்று சொல்லி அனுப்பினார்கள்.

எல்லா வீட்டிலும் அப்படி நடக்கவில்லை. கொல்லத்து மீனவர் ஒருவர் அப்போது பேட்டியில் சொன்னது: ஒரு பிராமணக் குடும்பம், வந்தவர் கிறிஸ்தவர் என்று தெரிந்ததும் வள்ளத்தில் ஏற மறுத்தது. பிறகு வேறு வழியில்லாமல் ஏறியபோது, யாரும் எங்களைத் தொடக்கூடாது என்று நிபந்தனை வைத்தது. அவர் இதைப் பெரிய கோபமில்லாமல்தான் சொன்னார். சுற்றிலும் கழுத்தளவு தண்ணீர் நிற்கும்போதும் அந்தக் கோடு அழியவில்லை. "படைவீரர்கள்" என்ற பட்டம் மேலிருந்து வந்த அதே வாரத்தில்தான் இதுவும் நடந்தது.

2019 பிப்ரவரியில் திருவனந்தபுரம் மக்களவை உறுப்பினர் சசி தரூர், கேரள மீனவர்களுக்கு அமைதிக்கான நோபல் பரிசு தரலாம் என்று பரிந்துரைத்து நார்வேக்குக் கடிதம் எழுதினார். தேர்தல் நெருங்கிய நேரம், சரி, அதையும் கணக்கில் வைத்துக்கொள்வோம்.

எட்டு மாதத்துக்கு முன்னால்

இந்தக் கௌரவிப்பைத் தனியாக எடுத்துப் பார்த்தால் அழகாக இருக்கிறது. அதற்கு எட்டரை மாதம் முன்னால் போனால் வேறு மாதிரி தெரிகிறது.

2017 நவம்பர் 29 இரவிலும் 30-ஆம் தேதியும் ஒக்கிப் புயல் குமரிக்கடலில் புகுந்தது. இது புயல்தான் என்ற முறையான அறிவிப்பு 30-ஆம் தேதி நண்பகலில்தான் வந்தது. அதற்குள் பல வள்ளங்களும் விசைப்படகுகளும் நடுக்கடலில் இருந்தன. பூந்துறை, விழிஞ்ஞம் கரைகளிலும், எல்லைக்கு இந்தப் பக்கம் குமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி ஊர்களிலும் ஒரே தெருவில் பல வீடுகளில் ஒப்பாரி எழுந்தது. இரண்டு மாநிலத்திலும் சேர்த்து நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. தேடுதல் போதவில்லை, ஆழக்கடலில் எங்கே தேட வேண்டும் என்று எங்களைக் கேளுங்கள் என்று மக்கள் கெஞ்சினார்கள். கடைசியில் மீனவர்களே வள்ளத்தை எடுத்துக்கொண்டு தேடப் போனார்கள். விழிஞ்ஞத்துக்கு வந்த முதலமைச்சரைச் சூழ்ந்துகொண்டு மக்கள் முழக்கமிட்டார்கள்.

அதே முதலமைச்சர், அதே கரை. ஒக்கியில் அரசு மீனவர்களிடம் போய்ச்சேரத் தாமதமானது. வெள்ளத்தில் மீனவர்கள் அரசைக் காட்டிலும் முன்னால் போய்ச்சேர்ந்தார்கள். வெள்ளத்துக்குப் போனவர்களில் ஒக்கியில் உறவுகளைப் பறிகொடுத்த ஊர்க்காரர்களும் உண்டு. தண்ணீருக்கு நடுவில் யாரும் வராமல் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஆகவே அந்தக் கரைக்கு உண்மையான மரியாதை எது என்று கேட்டால், விழாவுக்கு முன்பே அவர்கள் அதைச் சொல்லிவிட்டார்கள்: நாங்கள் கடலில் மாட்டிக்கொள்ளும் நாளில் நீங்கள் வர வேண்டும். ஒக்கிக்குப் பிறகு கரையிலிருந்து தொலைவில் இருக்கும் வள்ளங்களுக்கும் எச்சரிக்கை போய்ச்சேர, இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் நாவிக் செயற்கைக்கோள் வழிகாட்டியைக் கொண்ட கருவிகளைக் கொடுக்கத் தொடங்கினார்கள். கொச்சி கப்பல் கட்டும் தளம் கட்டிய கடல் ஆம்புலன்ஸ்கள் மூன்று, பிரதீக்ஷா, பிரத்யாசா, காருண்யா என்ற பெயர்களில் 2020 முதல் வரத் தொடங்கின. இவற்றையெல்லாம் யாரும் "மீனவர் கௌரவிப்பு" என்று தலைப்பிட்டுச் செய்தி போடவில்லை. என் கணக்கில் நிசாகந்தி விழாவுக்கு மேலே இவைதான் வரும்.

நம் பக்கம்

இதைப் படிக்கிற சென்னைக்காரருக்கு 2015 டிசம்பர் நினைவுக்கு வந்திருக்கும். அடையாறு பொங்கியபோது கோட்டூர்புரத்திலும் வேளச்சேரிப் பக்கமும் குப்பத்து மீனவர்கள் படகுகளைத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணைப் பக்கம் மறுபடியும் அதே காட்சி. இரண்டு வாரத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டித் தாமிரபரணிக் கரை மூழ்கியபோது தென்கடற்கரை ஊர்களின் வள்ளங்கள் லாரியேறின. ஒவ்வொரு முறையும் அன்றைய வெள்ளத்தோடு அந்த நன்றியும் வடிந்துவிடும். அடுத்த மழையில் படகு எங்கே, யாரைக் கேட்பது என்று மறுபடி தேடுவோம். 2018-க்குப் பிந்தைய கேரளத்துக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் வீரத்தில் இல்லை, பதிவேட்டில் இருக்கிறது: எந்தக் கரையில் எத்தனை வள்ளம், யார் ஓட்டுவார், லாரி யார் தருவார், எரிபொருளுக்கு யார் கையெழுத்துப் போடுவார், வள்ளம் உடைந்தால் எந்த அலுவலகம் பொறுப்பு.

அந்தப் பதிவேடு கேரளத்தில் ஒரு விழாவால் வந்ததில்லை. 2018 ஆகஸ்ட் 15 அன்று பத்தனம்திட்டை, கொல்லம் மாவட்ட நிர்வாகங்கள் பேசிக்கொண்ட அவசரத் தொலைபேசிதான் அதற்கு விதை. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மறுபடி மழை வலுத்தது. வடக்கே மலபாரில் கவளப்பாறையும் புத்துமலையும் நிலச்சரிவில் மண்ணுக்குள் போன அந்த நாட்களில் கொல்லத்திலிருந்து வள்ளங்கள் பத்தனம்திட்டைக்கு முன்கூட்டியே அனுப்பப்பட்டன. 2021 அக்டோபரில் பம்பை மறுபடி ஏறத் தொடங்கியதும் அப்படியே. அந்த முறை யாரும் தொலைக்காட்சியில் அழ வேண்டியிருக்கவில்லை. லாரியில் வந்திறங்கிய மீனவர்கள் வள்ளத்தைக் கீழே வைத்து, இன்ஜினைப் பொருத்தி, தண்ணீர் ஊருக்குள் வருகிறதா என்று பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.